காகிதத்தில் இருக்கும் வெடி

பெரியவர் பட்டர் பூசும் கத்தியை எடுத்தார். அதன் நுனியை மேசைவிரிப்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தாழ்த்திவிட்டேன். 30 பாகை. செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் போய்க் குத்துவோம். சாய்த்து மெதுவாகத் தள்ளினால் நுனி அதன் விலாவில் தட்டும். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே 30 பாகைதானாம். அண்ணாதான் மொழிபெயர்த்துச் சொன்னார்.

சிட்னியில் இருக்கும் அண்ணாவிடம் ஒரு மாதம் போயிருந்தேன். பெரியவர் பக்கத்து வீட்டுக்காரர். நான் இலங்கையின் வடக்கே முகமாலையில் ஆறு வருடம் மிதிவெடி அகற்றியவள், கடைசி இரண்டு வருடம் எட்டுப் பேருக்குப் பொறுப்பாக இருந்தவள் என்று அண்ணா அவரிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். அவர் 1969இல் வியட்நாமில் அவுஸ்திரேலியப் படையின் முதலாவது ஃபீல்ட் ஸ்குவாட்ரனில் சப்பராக இருந்தவர். சப்பர் என்றால் பொறியியல் படையின் சிப்பாய். ஒரே வேலையைச் செய்த இரண்டு பேர், நாற்பது வருட இடைவெளியில், ஒரு கத்தியை வைத்துக்கொண்டு அன்று இரவு பதினொரு மணி வரை இருந்தோம்.

அவர் தன்னைப் பற்றி அதிகம் பேசவில்லை. தளபதிகளின் பெயர்களைத்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். எனக்கு அது புரிந்தது. வெடி வயலில் வேலை செய்கிறவருக்குத் தன் பொறுப்பாளரின் குணம் தன் உயிரோடு சேர்ந்த விஷயம். வெடி தேடிச் செல்லும் ஒடுங்கிய பாதையான லேனுக்குள் நான் எத்தனை மணி நேரம் குந்தியிருக்க வேண்டும், களைத்தால் எழும்பலாமா, சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்தலாமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த ஆள்தான். பெரியவர் சொன்ன பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு அண்ணாவின் உதவியோடு தேடித்தேடி வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொறியியல் ஸ்குவாட்ரன் என்பது மேஜர் ஒருவரின் கீழ் இயங்கும் சிறிய படையணி. பாதை போடும், பாலம் கட்டும், தண்ணீர் எடுத்துக் கொடுக்கும், முள்ளுக்கம்பி அடிக்கும், பொறிவெடிகளைச் செயலிழக்கச் செய்யும். வெடி விதைப்பதும் அகற்றுவதும் அதன் வேலையே. வியட்நாமில் அதன் சப்பர்கள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, காட்டுக்குள் போகும் காலாட்படையோடு போனார்கள். முன்னால் நடக்கிறவர்களுக்கு நிலத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் இவர்களைக் கூப்பிடுவார்கள். ஸ்குவாட்ரனின் தளபதி முகாமில் இருந்தபடி, தன் ஆட்கள் எந்தெந்தக் காட்டில் யார் யாருக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரியவர் முதலில் சொன்ன பெயர் கப்டன் சாண்டி மெக்ரிகர். ஸ்குவாட்ரன் போவதற்கு முன்பே, 1965 செப்டம்பரில் வியட்நாம் போன மூன்றாவது ஃபீல்ட் ட்ரூப் என்ற சிறிய அணியின் தலைவர் அவர். அமெரிக்கப் படையணி ஒன்றோடு அவர்களை இணைத்திருந்தார்கள். 1966 ஜனவரியில் சாய்கோனுக்கு வடமேற்கே குச்சிப் பகுதியில் 'ஒப்பரேஷன் கிரிம்ப்' நடந்தது. அதில் நிலத்துக்கடியில் சுரங்கப்பாதைகள் தட்டுப்பட்டன. அதுவரை இருந்த வழக்கம், புகையை அடிப்பது, வாயை வெடிவைத்து மூடுவது, அப்பால் போவது. மெக்ரிகர் உள்ளே இறங்கிப் பார்ப்பதென்று முடிவெடுத்தார். ஒரு டோர்ச், ஒரு பிஸ்டல், இழுத்துச் செல்ல ஒரு கயிறு. தோள் இரண்டும் மண்ணில் உரசும் அகலம். ஆட்களை இறக்கிவிட்டு அவர் மேலே நிற்கவில்லை. தானும் இறங்கினார். உள்ளே அறைகள், ஆயுதங்கள், கட்டுக்கட்டாக ஆவணங்கள் இருந்தன. ஒரு தலைமையகமே கீழே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் மேலே இருந்தவர்களுக்கு விளங்கியது. இன்று சுற்றுலாப் பயணிகள் குனிந்து குனிந்து பார்க்கும் குச்சிச் சுரங்கங்கள் அவைதான்.

அந்தத் துணிவுக்கு ஒரு விலை இருந்தது. ஜனவரி 11ஆம் தேதி, கோப்ரல் பொப் பௌட்டெல் கீழே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் சிறிய கதவுத் துளையில் சிக்கிக்கொண்டார். காற்று இல்லை. முகமூடி நச்சுப் புகையைத் தடுக்கும், இல்லாத காற்றைத் தராது. கூட இருந்தவர்கள் இழுக்கப் போராடினார்கள், அவர்களில் சிலரும் மயங்கினார்கள். வியட்நாமில் உயிரிழந்த முதல் அவுஸ்திரேலியச் சப்பர் அவர்.

தான் போகாத இடத்துக்கு ஆளை அனுப்பாத தளபதியின் கீழும் ஆள் சாவான். பொறுப்பாளராக இருந்தவள் என்ற முறையில் அந்தப் பாரம் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் பிரிவில் யாரும் சாகவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் எட்டுப் பேரையும் பார்த்து எண்ணுவேன். பின்னேரம் திரும்ப எண்ணுவேன். வேலையை விட்டபிறகும் கொஞ்சக் காலம் பஸ்ஸில் ஏறினால்கூட ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

1966 நடுப்பகுதியில் பூவொக் துய் மாகாணத்தில், நூய் டாட் என்ற சிறு குன்றைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டத்தில், அவுஸ்திரேலியப் படை தன் பெரிய முகாமை அமைத்தது. மேஜர் வொரன் லெனன் தலைமையில் முதலாவது ஃபீல்ட் ஸ்குவாட்ரன் அங்கே வேலை தொடங்கியபோது மழைக்காலம். சேறு, பாதை, கம்பி, பதுங்குகுழி, தண்ணீர். இந்த வேலைகளைச் செய்த தளபதிகளைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. ஆனால் முகாமில் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் குடித்ததும் நடந்ததும் அவர்கள் செய்துகொடுத்ததில்தான்.

மூன்றாவது பெயரைச் சொல்லும்போது பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மேஜர் பிரையன் ஃபுளோரன்ஸ். 1967இல் ஸ்குவாட்ரனின் தளபதி.

அந்த வருடம் ஜனவரியில் நூய் டாட்டில் இருந்த அவுஸ்திரேலியப் படைக்குப் பொறுப்பாக வந்தவர் பிரிகேடியர் ஸ்டூவர்ட் கிரஹாம். அவர் கையில் இருந்தது இரண்டே இரண்டு காலாட்படை பட்டாலியன்கள். மாகாணமோ பெரியது. டாட் டோ பக்கத்து ஊர்களின் நெல் இரவில் கெரில்லாக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆள் இல்லாத இடத்தை வெடியால் நிரப்பலாம் என்று அவர் நினைத்தார். குதிரைலாடம் போல வளைந்த ஒரு குன்றிலிருந்து தெற்கே கடல் வரை 11 கிலோமீற்றர். இரண்டு வரிசை முள்ளுக்கம்பி, நடுவில் வெடி. அவருடைய பொறியியல் அதிகாரிகள் எச்சரித்தார்கள். கிரஹாம் கேட்கவில்லை. கட்டளை வந்தது. ஃபுளோரன்ஸின் சப்பர்கள் 1967 மே மாதம் விதைக்கத் தொடங்கினார்கள். எண்ணிக்கை 20,000க்கும் மேல்.

அந்த வெடியின் பெயர் எம்16. எங்கள் பக்கத்தில் அதிகம் கண்டது பாகிஸ்தானில் செய்த பி4உம் விடுதலைப் புலிகள் இயக்கம் செய்த ரங்கன் 99உம். அவை மிதித்த காலைக் கொண்டுபோகும் வெடிகள். எம்16 வேறு சாதி. ஒரு பெரிய பால்மாப் பேணியின் அளவு, மூன்றரைக் கிலோ பாரம், இரும்பு உடம்பு. புதைத்தபின் நிலத்துக்கு மேலே தெரிவது மூன்று சிறிய கம்பி முனைகள் மட்டும். புல்லுக்குள் அதுவும் தெரியாது. நான்கு கிலோ அளவு பாரம் பட்டால் போதும். முதலில் ஒரு சிறிய வெடிப்பு அதை மேலே தூக்கும். இடுப்பு உயரத்துக்கு வந்தபிறகுதான் உண்மையான வெடிப்பு. சுற்றி 25 மீற்றருக்குள் நிற்கிறவர்களுக்குத் தப்புவது கடினம். ஒருவர் மிதிக்க, ஒரு பிரிவே விழும். அவுஸ்திரேலியச் சிப்பாய்கள் அதை 'ஜம்பிங் ஜாக்' என்றார்கள், துள்ளும் பொம்மையின் பெயர்.

விதைத்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றின் அடியில் இன்னொரு கருவியையும் வைத்தார்கள். மேலே இருக்கும் வெடியைத் தூக்கினால் பாரம் குறையும், உடனே கீழே இருப்பது வெடிக்கும். இதை வைப்பது எப்படிப்பட்ட வேலை என்று நினைத்துப் பாருங்கள். குழி தோண்ட வேண்டும், கருவியை வைக்க வேண்டும், அதன்மேல் வெடியை இறக்க வேண்டும், பாதுகாப்பு ஊசிகளை உருவ வேண்டும், மண்ணைத் தூவ வேண்டும், பிறகு அதே காலடியில் பின்னுக்கு வர வேண்டும். நாளெல்லாம், வெயிலில், கிழமைக்கணக்கில். விதைக்கும்போதே சப்பர்கள் இறந்தார்கள்.

இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. வெடி வயலைக் கண் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், துவக்கு காத்துக்கொண்டிருக்க வேண்டும். காவலில்லாத நெல்வயலில் யார் வேண்டுமானாலும் இறங்கி அறுத்துக்கொண்டு போகலாம். வெடி வயலும் அப்படித்தான். டாட் டோ வேலியைக் காக்க வேண்டியது தென்வியட்நாமின் உள்ளூர்ப் படை. அது காக்கவில்லை. கெரில்லாக்கள் இரவில் கம்பிக்குள் நுழைந்தார்கள். முதலில் அவர்களிலும் பலர் செத்தார்கள். பிறகு வெடிக்கு அடியில் விரலை மெதுவாக விட்டுத் தடவிப் பார்க்கவும், கீழே கருவி இருந்தால் அதைச் சமாளிக்கவும், ஊசியைத் திரும்பச் செருகவும் பழகிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான வெடிகள் வயலிலிருந்து எழும்பிப் போய், லோங் ஹாய் மலையிலும் காட்டுப் பாதைகளிலும் மறுபடி இறங்கின. விதைத்தவனின் ஊருக்காரனே அவற்றை மிதித்தான். வியட்நாமில் இறந்த 500க்கும் மேற்பட்ட அவுஸ்திரேலியர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர் இந்த வெடிகளால் போனவர்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த இடத்தில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. வெடியில் இரண்டு வகை உண்டு. காகிதத்தில் இருக்கும் வெடி, காகிதத்தில் இல்லாத வெடி.

ஒழுங்கான இராணுவம் வெடி விதைத்தால் ஒரு பதிவுத்தாள் எழுதும். நாங்கள் ரெக்கோட் என்போம். அசையாத ஒரு அடையாளத்தில் தொடங்கும். ஒரு பாலம், ஒரு கிணறு, ஒரு மரம். அங்கிருந்து எந்தத் திசை, எத்தனை மீற்றர், எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை. அடியில் அதிகாரி ஒருவரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இதை இங்கே வைத்தவன் நான், எத்தனை வருடம் கழித்து யார் வந்தாலும் இது பொய் சொல்லாது என்று அந்த ஆள் தருகிற வாக்கு அது.

எங்களுக்கு முகமாலையில் ஒரு ரெக்கோட் கிடைத்தது. அடையாளம் ஒரு பனை. அங்கே போனால் பனையே இல்லை. அந்த மண்ணில் ஷெல் விழாத சாண் நிலம் கிடையாது, பனை எப்படி நிற்கும்? கறுத்துப்போன அடிக்கட்டைகள் மட்டும் ஏழோ எட்டோ. எந்தக் கட்டை அந்தப் பனை? ஒரு கட்டையைத் தெரிந்தெடுத்து அளந்து, மூன்று கிழமை ரேக்கால் மண்ணை வாரினோம். தோட்டாக் கோதுகள், ஷெல் துண்டுகள், ஒரு பிள்ளையின் செருப்பு. வெடி இல்லை. நான்காம் கிழமை, இன்னொரு கட்டையிலிருந்து திரும்ப அளந்தோம். அன்று பத்து மணிக்கு என் பிரிவுப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். அவளுடைய ரேக்கின் பல்லுக்குப் பக்கத்தில், பச்சை நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம். அவளை எழும்பச் சொல்லி, அவள் வந்த லேன் வழியே வெளியே கூட்டிவந்து, தண்ணீர் கொடுத்தேன். பிறகு ரெக்கோட்டைப் பார்த்து அளந்தோம். ஒவ்வொன்றும் எழுதிய இடத்திலேயே கிடந்தது. எழுதியவர் யாரோ, போரில் எந்தப் பக்கத்தில் நின்றவரோ, அந்தக் கிழமை முழுதும் அவர் எனக்குப் பக்கத்தில் நின்று கை காட்டியது போலிருந்தது.

காகிதத்தில் இல்லாதவை வேறு. சண்டைக்கு நடுவில் அவசரத்தில் வீசியவை, கிளப்பி இடம் மாற்றியவை, இரவில் ஒருவர் தன் பதுங்குகுழியைச் சுற்றித் தானாக வைத்தவை. அவற்றுக்குக் கையெழுத்தில்லை. காணிக்குச் சொந்தக்காரரின் மாடுதான் கண்டுபிடிக்கும்.

இதனால்தான் ஃபுளோரன்ஸை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை, துக்கம் வருகிறது. அவருடைய ஆட்கள் அந்த 11 கிலோமீற்றரில் வைத்தது காகிதத்தில் இருந்த வெடி. எல்லை தெரியும், வேலி தெரியும். காவல் இல்லாமல் போனதால் அது காகிதத்தை விட்டு எழும்பி நடந்தது. கட்டளை மேலேயிருந்து வந்தது, காவல் வேறு ஒருவரின் பொறுப்பு. ஆனாலும் விதைத்த கை அவருடைய ஸ்குவாட்ரனின் கை. பிறகு காடுகளில் அந்த வெடிகளுக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றதும் அதே ஸ்குவாட்ரனின் சப்பர்கள்தான். அதற்குப் பிறகு வந்த தளபதிகள் ஒவ்வொருவரும், தாங்கள் வைக்காத வெடிக்குத் தங்கள் ஆட்களை அனுப்ப வேண்டியிருந்தது.

1969 ஜூலை 21. உலகம் முழுவதும் சந்திரனில் மனிதன் இறங்கியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாள். லோங் ஹாய் மலைப்பக்கம் ஆறாவது பட்டாலியனின் ஒரு பிளட்டூன் வெடிக்குள் மாட்டியது. அதன் தலைவர் லெப்டினன்ட் பீட்டர் ஹைன்ஸ் இறந்தார். பலர் காயப்பட்டு விழுந்து கிடந்தார்கள். அவர்களுக்கும் உதவிக்கும் இடையில் எத்தனை வெடி கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கூட இருந்த இரண்டு சப்பர்கள்தான் மண்ணைக் குத்திக் குத்தி, கிடந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் பாதை திறந்தார்கள். அந்த நாளில் காயப்பட்ட பிராங்க் ஹண்டின் அனுபவம் 1983இல் அவுஸ்திரேலியா முழுதும் பிரபலமான ஒரு பாட்டானது. அண்ணாவின் பிள்ளைகளுக்குக்கூட அது தெரிந்திருந்தது.

கடைசியில் அந்த வேலியை அகற்றுவதென்று முடிவெடுத்தார்கள். அதையும் செய்தது இந்த ஸ்குவாட்ரன்தான். கையால் எடுப்பதென்றால் இன்னும் எத்தனை பேரைப் பலி கொடுப்பது? கவச வண்டிகளை மாற்றியமைத்து, வயலுக்கு மேலால் ஓட்டி வெடிக்க வைத்தார்கள். 1970 அளவில் பெரும்பகுதி முடிந்தது. பெரியவர் அதில் இருந்தவர். "சத்தம்தான் நினைவிருக்கு" என்று அண்ணா மொழிபெயர்த்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் நானும் அண்ணாவும் கன்பரா போனோம். போர் நினைவகத்தின் நீண்ட தாழ்வாரங்களில், வெண்கலப் பலகைகளில், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பெயர்களின் ஓரத்தில் சிவப்புப் பொப்பிப் பூக்களைச் செருகிவிட்டிருந்தார்கள். ஒரு விஷயத்தை அண்ணா சொல்லித்தான் கவனித்தேன். எந்தப் பெயருக்கு முன்னாலும் பதவி இல்லை. மேஜர், கோப்ரல், சப்பர் எதுவும் இல்லை. வெறும் பெயர். இறந்தபின் எல்லாரும் சமம் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பௌட்டெலின் பெயரைத் தேடிப் பிடித்தேன். ஹைன்ஸின் பெயரையும். பெரியவர் தாளில் எழுதித்தந்த, அவருடைய சினேகிதர் ஒருவரின் பெயரையும்.

மெக்ரிகரோ லெனனோ ஃபுளோரன்ஸோ அந்தச் சுவரில் இல்லை. அவர்கள் வீடு திரும்பியவர்கள். உயிரோடு திரும்பிய தளபதிக்கு வெண்கலம் கிடையாது. அவர்களை வைத்திருப்பது பெரியவரைப் போன்றவர்களின் வாய்தான். அதனால்தான் நான் அந்தப் பெயர்களைத் தமிழிலும் எழுதி வைக்க நினைத்தேன். எங்கள் பக்கத்திலும் மிதிவெடி அகற்றும் அணிகளின் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள், அதிலே பெண்கள் நிறையப் பேர். ஒவ்வொரு காணியையும் சொந்தக்காரரிடம் கையளிக்கும் நாளில் அவர்கள்தான் முதலில் அதில் நடந்து காட்டுவார்கள். நான் கையளித்த ஒரு காணியில் ஒரு வயதான அம்மா வேலியோரம் நின்றுகொண்டு, "மோனை, நீ முதல்ல அந்தக் கிணத்தடி வரைக்கும் போட்டு வா, பாப்பம்" என்றார். போய்விட்டு வந்தேன். "திரும்ப ஒருக்கா" என்றார். திரும்பவும் போனேன்.

சிட்னிக்குத் திரும்பிய இரவு, பெரியவரிடம் அவருடைய சினேகிதர் பெயரின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என் போனில் வேறு என்ன இருக்கிறதென்று கேட்பதுபோல விரலால் தள்ளினார். முகமாலையில் நாங்கள் முடித்த ஒரு காணியின் வரைபடம் வந்தது. கையளிப்பு நாளில் நினைவுக்காக எடுத்த படம். அதன் மூலையில் ஒரு சிறு வட்டத்தில் விரலை வைத்து அவர் அண்ணாவிடம் ஏதோ கேட்டார்.

"இது என்னெண்டு கேக்கிறார்" என்றார் அண்ணா.

"பனை" என்றேன். "அதிலயிருந்துதான் அளந்தது."

"இப்பவும் நிக்குதோ எண்டு கேக்கிறார்."

"இல்லையண்ணா. அடிக்கட்டைதான். பக்கத்தில சீமெந்துக் கல்லொண்டு நட்டு, நம்பர் எழுதி விட்டனாங்கள்."

அண்ணா சொல்லி முடிக்கும்வரை பெரியவர் விரலை எடுக்கவில்லை. பிறகு அந்த வட்டத்திலிருந்து முதல் வரிசை வரை கோட்டின் மேல் விரலை மெல்ல இழுத்துக்கொண்டே போனார். எத்தனை மீற்றர் என்று இந்தமுறை என்னிடமே கேட்டார். விரலால் காட்டினேன்.